மருந்து படாத பிளாக்

அக்கா சட்டென்று தலையைத் திருப்பியதில் கரண்டியிலிருந்த ஆரஞ்சுச் சாறு கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. தம்பி துடைப்பதற்காகத் துண்டை நீட்டினான். அவள் அதைத் தட்டிவிட்டாள். சில நாட்களாகத் தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்த கை அது.

“இரு. சத்தம் போடாத.”

“நான் எங்கே சத்தம் போட்டேன்க்கா?”

“மூச்சு விடுறியே, அந்தச் சத்தம்.”

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். திறந்திருந்த ஜன்னல் வழியாக முதலில் மழைத் தூறல்தான் கேட்டது. பிறகு, சரிவின் கீழே எங்கோ ஓர் இயந்திரம் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

“பவர் ஸ்ப்ரேயர்” என்றாள் அக்கா. “என் பிளாக்குல.”

“புல்லு வெட்டுற மெஷினா இருக்கும்க்கா.”

அவள் கண்களை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். முகத்தில் சதையெல்லாம் வடிந்துபோய்க் கண்கள் மட்டும் பெரிதாகிவிட்டிருந்தன. “உன் கடையில வித்த சாமான். அதோட சத்தம் உனக்கே தெரியலைன்னா கடைய இழுத்து மூடிடு.”

தெரியாமல் என்ன. டவுனில் பூச்சிமருந்துக் கடை என்றால் அவன் கடைதான். மருந்து, தெளிப்பான், முகமூடி, கையுறை என்று எல்லாம் அவனிடம்தான் வாங்குவார்கள். அக்கா தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் பிரிவில் இருந்தாள். ‘அக்கா பூச்சியை வளர்த்துவிடுவாங்க, தம்பி அதுக்கு மருந்து விப்பாரு, குடும்பமே பிழைச்சுக்கும்’ என்று அவர்களை அறிந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். இரண்டு பேரும் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேறு எதற்காகச் சண்டை போட்டாலும் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வதில்லை என்று பேசாமலே ஒரு உடன்பாடு இருந்தது.

வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்த தேயிலை பிளாக்கைத் தோட்ட நிர்வாகத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஆராய்ச்சிக்காக வாங்கியிருந்தாள் அக்கா. அதில் ஒரு சொட்டு பூச்சிமருந்து படக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். ஓரங்களில் பூச்செடிகளை நட்டாள். வெட்டித் தள்ளியிருந்த நிழல் மரங்களை மறுபடி வளர்த்தாள். புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் பொடிக் குளவிகள், இலையின் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்றே வயிறு வளர்க்கும் இன்னொரு சிலந்தி, வண்டுகள் எல்லாம் தாமாகவே வந்து குடியேறட்டும் என்று காத்திருந்தாள். முதல் வருடங்களில் விளைச்சல் படுத்துவிட்டது. தோட்டத்தில் அதற்குப் ‘பட்டினி பிளாக்’ என்று பெயர் வைத்தார்கள். அவள் அசையவில்லை. பிறகு மெதுவாக விளைச்சல் ஏறத் தொடங்கியது. இந்த வருடம் மலையெங்கும், கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு விழுந்து கொழுந்துகள் கருகிச் சுருண்டபோது, அவள் பிளாக்கிலும் கருகியது. ஆனால் பக்கத்து பிளாக்குகளில் கருகியதில் பாதிகூட இல்லை.

“கொசுவே இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா? கேக்க நல்லா இருக்குமே” என்று அவன் ஒருமுறை சொன்னான்.

“இல்லைன்னு எழுதினா அது உன் கடை விளம்பரம். ஆராய்ச்சி இல்ல.”

இந்தப் பருவத்தின் பூச்சி, விளைச்சல் கணக்கெடுப்பு முடிந்தால் ஆராய்ச்சி முடிந்தது. அதற்குள் கல்லீரலில் வந்தது நோய். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “எல்லாம் இந்தத் தோட்டத்து மருந்துக் காத்துதான்” என்று தம்பியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். படுக்கையில் கிடந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். “எனக்கு எதனால வந்துச்சுன்னு எந்த டாக்டருக்கும் தெரியல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிப் பழகுங்க.” வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பி மட்டும் வெகுநேரம் சமையலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

இப்போது சரிவில் இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“நான் படுத்துட்டேன், கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டாங்க” என்றாள் அக்கா. “ஒரு தடவை அடிச்சாப் போதும்டா. வந்து சேர்ந்ததெல்லாம் செத்துடும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிக்க நான் இருக்க மாட்டேன். போய் நிறுத்து.”

“ஃபோன் பண்ணிச் சொல்றேன்க்கா.”

“ஃபோனை எடுப்பாங்களா? நேர்ல போ.”

“உன்னை இப்படி விட்டுட்டு எப்படிக்கா…” காலையில் வந்த டாக்டர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு பேசுகிறவள்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “நான் சாகறதுக்கு நீ பக்கத்துல நிக்கணும்னு ஒண்ணும் இல்லடா. அங்க நிக்கணும்.”

அவன் எழுந்தான். கரண்டியும் கையுமாகவே சமையலறை வாசலுக்குப் போனான். அவன் மனைவி அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிளாக்குல மருந்தடிக்கிறாங்க. போய்ட்டு வரேன். நீ பாத்துக்க.”

“இப்பவா? டாக்டர் என்ன சொன்னாருன்னு…”

“அக்காதான் போகச் சொல்லுது.”

அவள் அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அண்ணி என்று அவள் கூப்பிடும் அக்காவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். டவுனில் இவர்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அண்ணி குளிர்பெட்டியில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புழு வைத்துவிட்டுப் போய், இவள் அதைத் திறந்து பார்த்து அலறியதிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவோடுதான். இருந்தும் கடைசி மாதங்களில் அண்ணியைக் குளிப்பாட்டியவள் இவள்தான். “போங்க” என்றாள். “நான் இருக்கேன்.”

சரிவில் இறங்கும் பாதை வழுக்கியது. அவன் பாதி நடந்தும் பாதி சறுக்கியும் போய்ச் சேர்ந்தபோது, ஓட்டிப் பார்த்த இயந்திரத்தை அடிக்கத் தொடங்காமலே நிறுத்தியிருந்தார்கள். தூறல் கொஞ்சம் வலுத்திருந்தது. மழையில் அடித்தால் மருந்து இலையில் ஒட்டாமல் கழுவிக்கொண்டு போய்விடும். மழை விடட்டும் என்று காத்திருந்தார்கள். பிளாக்கின் வாசலில் டிராக்டர் நின்றது. அதன் பின்னால் பெரிய டாங்க். பக்கத்தில் காலி டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் அவன் கடையின் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. மழைக்கோட்டு போட்ட ஆட்கள் நாலைந்து பேர் நிழல் மரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்ட மேனேஜர் அவனைப் பார்த்ததும் முன்னால் வந்தார். நல்ல மனிதர். கடைக்கு வந்தால் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போவார்.

“மேடத்துக்கு எப்படி சார் இருக்கு?”

“இருக்கு. இங்க அடிக்கக் கூடாது. நிறுத்துங்க.”

மேனேஜர் தொப்பியைக் கழற்றி நீரை உதறினார். “சார், புது முதலாளி மலை முழுக்க ஒரே முறையா அடிக்கச் சொல்லிட்டாரு. இந்த பிளாக்லேருந்துதான் கொசு பரவுதுன்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. நிலையத்துலயும் கேட்டோம். டைரக்டர் ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு.”

“எங்கக்காவக் கேட்டீங்களா?”

“அவங்க நிலைமையில எப்படி சார் கேக்குறது?”

“வாய் நல்லாத்தான் இருக்கு. வந்து கேட்டிருந்தா பதில் சொல்லியிருக்கும்.”

மரத்தடியில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “சார், தப்பா நினைக்காதீங்க. இது நீங்க வித்த மருந்துதானே? போன வாரம் நீங்களேதான் பில் போட்டீங்க.”

“ஆமா, நான்தான் வித்தேன். டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா? அடிக்கிற இடத்துல ஆளுங்க இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. சிவப்பு எழுத்துல.” சொல்லிக்கொண்டே அவன் தேயிலை வரிசைகளுக்கு இடையே நுழைந்தான். செடிகள் இடுப்பளவு நின்றன. நனைந்த இலைகள் சட்டையை ஈரமாக்கின. பிளாக்கின் நடுவுக்குப் போய்த் திரும்பி நின்றான். “நான் இருக்கேன். இப்ப அடிங்க பாப்போம்.”

மேனேஜர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

நின்றுகொண்டே இருந்ததில் அவன் செடிகளைப் பார்க்கத் தொடங்கினான். அக்கா உயிரைக் கொடுத்துக் காத்த இடத்தில் ஏதாவது அதிசயம் தென்படும் என்று மனதின் ஓரத்தில் எதிர்பார்த்திருப்பான் போலும். ஒன்றும் தென்படவில்லை. புள்ளி விழுந்த கொழுந்து ஒன்று. ஓட்டை விழுந்த இலை. கடையில் யாராவது இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் யோசிக்காமல் அலமாரியில் இருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்திருப்பான். அக்கா சொன்னது சரியா தப்பா என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. கணக்கெடுத்து முடித்தால்தானே தெரியும். அந்த நினைப்பு வந்ததும் கோபம் வந்தது. அவள் தப்பாகவே இருந்தால்கூட அதை அவள் கணக்குத்தான் சொல்ல வேண்டும். இந்த டாங்க் யார் சொல்ல?

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. யாரென்று பார்க்காமலே எடுத்தான். வாடிக்கையாளர் ஒருவர்.

“என்ன சார், கடை பூட்டியிருக்கு? கத்தரியில புழு.”

“நாளன்னைக்குத் திறப்பேன். வாங்க” என்று சொல்லி வைத்தான்.

மேலே பாதையில் ஒரு கறுப்புக் குடை இறங்கி வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள் அவன் மனைவி. அவள் அவசரப்படாமல் வந்ததைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. அவசரம் இருந்தால் மேலிருந்தே கத்திக் கூப்பிட்டிருப்பாள். வரிசைகளுக்குள் புகுந்து, புடவையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி, இலை மேலே படாமல் ஒதுங்கி ஒதுங்கி அவனருகே வந்து நின்றாள். அவன் தலைக்கு மேலே குடையை நீட்டினாள்.

“எப்போ?”

“இப்பதான். பக்கத்து குவார்ட்டர்ஸ் நர்ஸம்மா வந்து பாத்துட்டாங்க. அவங்கள உக்கார வச்சுட்டு வந்தேன்.”

அவன் தலையை ஆட்டினான்.

“‘சத்தம் நின்னுச்சா’ன்னு கேட்டாங்க” என்றாள் அவள். “நின்னுடுச்சு அண்ணின்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் கேக்கல.”

மேனேஜருக்கும் புரிந்துவிட்டது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை ஓரம்வரை வந்தார். மரத்தடி ஆட்கள் பீடியை அணைத்தார்கள். “போங்க சார். போய் ஆக வேண்டியதைப் பாருங்க. இன்னிக்கு இங்க எதுவும் நடக்காது. நான் சொல்றேன்.”

தம்பி அவர் தோளுக்கு அப்பால் டாங்க்கைப் பார்த்தான். மருந்து விற்றே பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். தண்ணீரில் கலந்துவிட்ட மருந்தை நாளைக்கு என்று யாரும் எடுத்துவைப்பதில்லை. கலந்தால் அன்றைக்கே அடித்தாக வேண்டும்.

“அப்ப இந்த டாங்க்கை பக்கத்து பிளாக்குக்கு ஓட்டுங்க. அங்கயும் அடிக்க வேண்டியதுதானே? இப்பவே ஓட்டுங்க. நான் பாத்துட்டுப் போறேன்.”

“மேல கேக்காம வண்டிய நகர்த்த முடியாது சார்” என்றார் மேனேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அதான பாத்தேன்.”

வானத்தின் ஓர் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை, டாங்க் பக்கம் ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்த்தான். அங்கே ஜன்னலோரக் கட்டிலில், பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லாமல் அக்கா கிடந்தாள்.

“நீங்க போங்க” என்றாள் மனைவி. “நான் நிக்கிறேன்.”

“நீயா? உனக்குப் பூச்சின்னாலே…”

“பயம்தான். பயந்துக்கிட்டே நிக்கிறேன். போங்க, அவங்க பக்கத்துல நம்ம ஆளு யாரும் இல்ல.”

குடை வேண்டாம் என்று அவளிடமே விட்டுவிட்டு அவன் ஏறினான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான். பச்சைக்கு நடுவே குடை அசையாமல் நின்றது.

வீட்டில் நர்ஸம்மா அக்காவின் தலையை வாரி, கைகளைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்திருந்தாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கையைத் தொட்டான். இன்னும் முழுக்கக் குளிரவில்லை. நிறைய சொல்ல வேண்டும்போல இருந்தது. “நிக்கிறாக்கா” என்று மட்டும் சொன்னான். “புழு டப்பாவுக்குக் கத்தினாளே, அவதான்.”

மத்தியானத்துக்குள் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெண்கள், அலுவலகக் கிளார்க்குகள், டிரைவர்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கடைசியாக டைரக்டர் வந்தார். இரண்டு பேர் மலர்வளையம் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அக்காவின் காலடியில் வைக்கக் குனிந்தவர்களைத் தம்பி கைநீட்டித் தடுத்தான்.

“அது அப்படி இருக்கட்டும் சார். மொதல்ல ஒரு ஃபோன் பண்ணுங்க.”

“என்ன?”

“தோட்டத்து முதலாளிக்கு. அக்கா பிளாக்குல மருந்தடிக்க நீங்க ஆட்சேபணை இல்லைன்னு சொன்னீங்களாம். இப்ப ஆட்சேபணை இருக்குன்னு சொல்லுங்க.”

டைரக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். “இருக்கிற துக்கத்துல நீங்க… இதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாமே. இது நேரமா?”

“இதுதான் சார் நேரம். நீங்க ஆட்சேபணை இல்லைன்னு சொன்னப்ப எங்கக்கா உயிரோட இருந்துச்சு. அப்பவும் யாரும் நேரம் பாக்கல.” அவன் குரல் உயரவில்லை. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. “மழை விட்டுடுச்சு. இலை காஞ்சதும் அடிச்சுடுவாங்க. என் பொண்டாட்டி அங்க நிக்கிறா. சாவு வீட்டுல இருக்க வேண்டியவ அங்க நிக்கிறா.”

“உங்களுக்கு இதுல என்ன இருக்கு? நீங்களே மருந்து விக்கிறவரு…”

“விப்பேன். நாளன்னைக்குக் கடையத் திறந்து விப்பேன். இங்க மட்டும் அடிக்க விட மாட்டேன்.”

பரிசோதனைக் கூடத்துப் பெண்களில் மூத்தவள், அக்காவோடு வெகுகாலம் வேலை பார்த்தவள், சுவரை விட்டு விலகி முன்னால் வந்தாள். அழுது சிவந்த மூக்கோடு தன் ஃபோனில் எண்ணைத் தேடி அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அதை டைரக்டரிடம் நீட்டினாள். “பேசுங்க சார்” என்றாள். அவ்வளவுதான். மற்றவர்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை.

அவர் வாங்கிப் பேசினார். முதலில் மென்று விழுங்கினார். எதிர்முனையில் என்னவோ இரைச்சலாகக் கேட்டது. பேசப்பேச, சுற்றி நிற்பவர்களின் பார்வை ஏறியதாலோ என்னவோ, அவர் முதுகு நிமிர்ந்தது. “இல்ல, நான் சொன்னது தப்பு. ஒப்பந்தம் இன்னும் இருக்கு… இல்ல, ஒத்துக்க முடியாது” என்று அவர் சொன்னபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இந்தப் பருவத்துக் கணக்கெடுப்பு முடியுறவரைக்கும் அடிக்க மாட்டாங்க” என்றார் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் பேசுவோம்.”

“பேசுவோம்” என்றான் தம்பி. “நானும் வரேன்.” பிறகு ஒதுங்கி, மலர்வளையம் வைக்க வழிவிட்டான்.

வண்டி வந்து வாசலில் நின்றது. எடுப்பதற்கு முன் வீட்டுப் பெண் வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று அவன் கிளம்பினான்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. டிராக்டர் டாங்க்கை இழுத்துக்கொண்டு பக்கத்து பிளாக்குக்குப் போகும் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதற்குப் பின்னால் நடந்து போனார். தேயிலை வரிசைகளின் நடுவே, விட்டுப்போன அதே இடத்தில், அவன் மனைவி நின்றிருந்தாள். துளி மழை இல்லை. இருந்தும் குடையை விரித்தபடியே பிடித்திருந்தாள்.

“போயிட்டாங்க. வா. வண்டி வந்துடுச்சு.”

“இருங்க. கிட்ட வராதீங்க.”

குடைக் கம்பியின் நுனியிலிருந்து பக்கத்துச் செடியின் கொழுந்துக்கு ஒரு நூல் ஓடியது. வெயில் பட்டபோதுதான் தெரிந்தது. நூலின் நடுவில் கடுகளவு சிலந்தி ஒன்று அடுத்த இழையை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்தை மட்டும் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்லக் குனிந்து குடையின் கைப்பிடியைச் செடியின் கிளைகளுக்கு நடுவே செருகினாள். நிற்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நின்றது. பிறகு புடவையை இறுக்கிக்கொண்டு, இலை மேலே படாமல் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

இருவரும் சரிவில் ஏறினார்கள். கீழே பிளாக்கின் நடுவில், அடியில் யாரும் இல்லாமல், குடை விரிந்தபடி வெயிலில் நின்றது.